அறுந்தால் முள்ளோடு போகட்டும்!
தூண்டில் நரம்பின் கடைசி ஒரு முழத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பண்ணைக்குட்டை வெட்டி மீன் குஞ்சு விட்டிருக்கிறீர்களா? வீட்டுக் குழம்புக்கும், ஞாயிற்றுக்கிழமை வாசலில் விற்பதற்கும் நாலைந்து மீன் பிடிக்க ஒவ்வொரு முறையும் வலை இழுக்க முடியாது. வலை இழுத்தால் குட்டை கலங்கும், மீன் மிரளும், கூலி ஆளும் வேண்டும். அதனால் தூண்டில்தான் கைகொடுக்கும். கண்மாய் குத்தகை எடுத்தவர்களும், வாய்க்கால் ஓரத்தில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடும் இளைஞர்களும் இதே வழிதான்.

தூண்டில் போடுகிறவர்கள் கம்பு நல்லதா, ரீல் நல்லதா, முள் எந்த ஊர்த் தயாரிப்பு என்றெல்லாம் விசாரித்து வாங்குகிறார்கள். ஈயத்துக்கும் முள்ளுக்கும் நடுவில் இருக்கும் சின்ன நரம்புத் துண்டை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. சுருளில் இருக்கும் அதே நரம்பின் நுனியிலேயே முள்ளைக் கட்டிவிடுகிறார்கள். பெரிய மீன் இழுத்தால் பலவீனமான ஏதோ ஓர் இடத்தில் நரம்பு அறுகிறது. "அறுத்துக்கிட்டுப் போயிருச்சு" என்று சொல்லிவிட்டு, அடுத்த முள்ளைக் கட்டுகிறோம்.

போன மீன் என்ன ஆனது? ஈயத்தையும் பத்து, பதினைந்து அடி நரம்பையும் இழுத்துக்கொண்டு அது குட்டைக்குள் அலைகிறது. ஏதாவது ஒரு வேரிலோ கல்லிலோ நரம்பு சுற்றிக்கொண்டால் மீன் அந்த இடத்தைவிட்டு நகர முடியாது. இரை எடுக்க முடியாமல் செத்துப் போகும். இரண்டு நாள் கழித்து மிதக்கும் மீனைப் பார்த்து, "தண்ணீரில் கோளாறு" என்று நினைக்கிறோம்.

முள் கட்டும் அந்தக் கடைசித் துண்டைத் தனியாக, அளவறிந்து கட்டினால் இந்த நட்டத்தில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். இந்தக் கட்டுரையில் அதை 'முள் நரம்பு' என்றும், சுருளிலிருந்து வருவதைத் 'தாய் நரம்பு' என்றும் சொல்லுவோம். தங்கூசி என்று சிலர் சொல்வதும் இந்த நரம்பைத்தான்.

மீசை உள்ள மீன், மீசை இல்லாத மீன்

இங்கிலாந்தின் செவர்ன், டிரென்ட் போன்ற ஆறுகளில் 'பார்பல்' என்று ஒரு மீன் உண்டு. நம் கெண்டைக் குடும்பம்தான். வாய் ஓரத்தில் நான்கு மீசை இருக்கும். ஆற்றின் அடியில் கல்லையும் மணலையும் மீசையால் தடவி இரை தேடும். முள் நரம்பு எந்தப் பொருளில் இருக்க வேண்டும், எவ்வளவு நீளம் வேண்டும் என்று அந்நாட்டுத் தூண்டில்காரர்கள் இந்த மீனுக்காக மிக நுணுக்கமாகப் பார்ப்பார்கள். மீசையில் நரம்பு உரசினாலே மீன் மிரண்டு விலகிவிடும் என்பது அவர்கள் அனுபவம்.

அதே பாடம் நம் குட்டைக்கும் பொருந்தும். நாம் வளர்க்கும் மீன்களில் சாதாக்கெண்டைக்கு இரண்டு ஜோடி மீசை உண்டு. ரோகுவுக்கும் மிர்காலுக்கும் சிறிய மீசை உண்டு. கட்லாவுக்கு மீசையே இல்லை. மிர்காலும் சாதாக்கெண்டையும் அடித்தரையில் இரை தேடும். ரோகு நடுத்தண்ணீரில் மேயும். கட்லா மேல்மட்டத்தில் மேயும். ஆகவே எல்லா மீனுக்கும் ஒரே நீளத்தில் முள் நரம்பு கட்டுவது சரியில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கெண்டை வகை மீன்களுக்கு வாயில் பல் கிடையாது. அவை இரையைக் கடிப்பதில்லை. உறிஞ்சிப் பார்க்கும், பிடிக்கவில்லை என்றால் துப்பிவிடும். பல் தொண்டைக்குள்தான் இருக்கிறது. நத்தை ஓட்டையே அந்தப் பல்லால் நொறுக்கிவிடும். எனவே கெண்டைக்குக் கம்பி முள் நரம்பு தேவையே இல்லை. ஆனால் முள்ளைத் தொண்டை வரை விழுங்கவிட்டால் நரம்பும் போகும், மீனும் போகும்.

முதல் விதி: முள் நரம்பு இளைத்ததாக இருக்கட்டும்

தாய் நரம்பைவிட முள் நரம்பு பலம் குறைந்ததாக இருக்க வேண்டும். தாய் நரம்பு நான்கு பங்கு தாங்கினால் முள் நரம்பு மூன்று பங்கு தாங்கினால் போதும். இப்படிக் கட்டினால், தாங்க முடியாத இழுப்பு வரும்போது முள்ளுக்குப் பக்கத்திலேயே அறும். மீன் வாயில் முள்ளும் ஒரு சாண் நரம்பும் மட்டுமே போகும். ஈயமும் மீதி நரம்பும் உங்கள் கையில் இருக்கும்.

0.35 மில்லிமீட்டர் தாய் நரம்பு என்றால் 0.25 முதல் 0.28 வரை உள்ள முள் நரம்பு சரியாக இருக்கும். இரண்டையும் சேர்க்க, கடையில் 'சுவிவல்' என்று கேட்டு வாங்கும் சிறிய சுழலும் வளையத்தைப் பயன்படுத்துங்கள். நரம்பு முறுக்கிக்கொள்ளாது. முள் நரம்பை மட்டும் மாற்றிக் கட்டுவதும் சுலபம்.

ஈயத்தை எப்படிப் போடுகிறோம் என்பதும் இதில் சேரும். பலர் ஈயத் தகட்டை நரம்பில் இறுக்கிச் சுற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நரம்பு அந்த இடத்தில் நசுங்கும். அறுந்தால் ஈயமும் மீனோடு போகும். நடுவில் துளை உள்ள ஈயக்குண்டை வாங்கித் தாய் நரம்பில் கோத்து, சுழல் வளையத்துக்கு மேலே ஓடும்படி விடுங்கள். ஒருவேளை தாய் நரம்பே அறுந்துபோனாலும் ஈயம் நழுவி விழுந்துவிடும். மீன் சுமை இல்லாமல் நீந்தும்.

சுருளில் எழுதியதை நம்பாதீர்கள், வாளியில் சோதியுங்கள்

மலிவு விலைச் சுருள்களில் "இத்தனை கிலோ தாங்கும்" என்று எழுதியிருப்பது பல நேரம் பொருந்துவதில்லை. வெயிலில் கடை வாசலில் தொங்கிய சுருள் என்றால் இன்னும் மோசம். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்.

அரை மணி நேரம் நரம்பைத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். ஒரு முனையை மரக்கிளையில் நாலைந்து சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். மறு முனையை, முள் கட்டும் அதே முடிச்சில் வாளிக் கைப்பிடியில் கட்டுங்கள். வாளி தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் தொங்கினால் போதும். லிட்டர் குவளையால் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. எத்தனையாவது குவளையில் அறுகிறது என்று எண்ணி, வாளியின் எடையைக் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்று முறை செய்து, மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் நரம்பின் உண்மையான பலம்.

பெரும்பாலும் முடிச்சில்தான் அறும். அதில் தவறில்லை. மீன் இழுக்கும்போதும் அங்கேதான் அறும். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தடவி, மெதுவாக இறுக்கினால் இன்னும் சில குவளை கூடுதலாகத் தாங்குவதை நீங்களே பார்ப்பீர்கள். உலர்ந்த முடிச்சை வெடுக்கென்று இழுத்தால் உரசிய சூட்டில் நரம்பு சுருண்டு பலம் இழக்கும்.

எந்தப் பொருள்?

சந்தையில் மூன்று வகை கிடைக்கின்றன.

நைலான்: 1938இல் உலகுக்கு அறிமுகமான பொருள். அதற்கு முன் மேல்நாடுகளில் பட்டுப்புழுவின் குடலிலிருந்து இழுத்த நரம்பையும் குதிரைவால் முடியையும் முள்ளுக்குக் கட்டினார்கள். நைலானின் பெரிய குணம், இழுத்தால் நீளும். விட்டால் ஓரளவு பழைய நிலைக்கு வரும். ரீல் இல்லாத மூங்கில் கம்பில் தூண்டில் போடுகிறவர்களுக்கு இது மிக முக்கியம். ரீல் இருந்தால் மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கலாம். கம்பில் அந்த வசதி இல்லை. கம்பு வளைவதும் நரம்பு நீளுவதும்தான் அதிர்ச்சியைத் தாங்கும். விலையும் குறைவு. குறை என்னவென்றால், தண்ணீரை உறிஞ்சிச் சற்றுப் பலம் குறையும், வெயிலில் நொய்ந்துபோகும். ஆண்டுக்கொரு முறை புதிது மாற்றுங்கள்.

புளோரோ கார்பன்: ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971இல் தூண்டில் நரம்பாகக் கொண்டுவந்தது. நைலானைவிடக் கனமானது, தானாகவே அடியில் படியும். தண்ணீருக்குள் ஒளி விலகும் விதம் தண்ணீரை ஒட்டியே இருப்பதால் தெளிந்த நீரில் எளிதில் கண்ணில் படாது. தண்ணீரை உறிஞ்சாது. கல்லில் உரசினாலும் சற்றுத் தாங்கும். ஆனால் விறைப்பானது, விலை அதிகம். முடிச்சைக் கவனமாகக் கட்ட வேண்டும். கலங்கிய கண்மாயில் இதற்குக் காசு செலவழிப்பது வீண். கலங்கிய நீரில் எந்த நரம்பும் மீன் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியாது.

பின்னல் நரம்பு: கடையில் 'பிரெய்டு' என்று கேட்டால் தருவார்கள். மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்தது. நூல் போல் துவளும். அதே பருமனில் நைலானைவிடப் பல மடங்கு பலம். துவளுவதால் மீன் உறிஞ்சும்போது இரை இயல்பாக வாய்க்குள் போகும். ஆனால் சிறிதும் நீளாது. மூங்கில் கம்பில் இதைக் கட்டினால் மீனின் உதடு கிழியும், அல்லது முள் நிமிரும். கூர்மையான கல்லில் உரசினால் சட்டென்று அறும். மெல்லிய பின்னல் நரம்பைக் கையில் சுற்றி இழுத்தால் விரலை அறுத்துவிடும், எச்சரிக்கை. சாதாரண முடிச்சு வழுக்கும். நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் துளையில் விட்டு முடிச்சுப் போடுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், போடி, தேவாரம் பக்கத்துக் குட்டைக்கும் கண்மாய்க்கும் நைலானே போதும். மற்ற இரண்டும் இடம் பார்த்து.

எவ்வளவு நீளம்?

நீளத்தைத் தீர்மானிக்க இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் நிற்கிறதா, ஓடுகிறதா? நீர் கலங்கலா, தெளிவா?

குட்டையான முள் நரம்பு என்றால், மீன் இரையை வாயில் வைத்து நகர்ந்த உடனே ஈயத்தின் கனம் அதை இழுக்கும். முள் உதட்டில் தானாகக் குத்திக்கொள்ளும். விழுங்க நேரம் இருக்காது. நீளமான முள் நரம்பு என்றால், இரை தண்ணீரோட்டத்தில் இயல்பாக அசையும். சந்தேகப்படும் மீனும் எடுக்கும். ஆனால் மீன் கவ்வியது கைக்குத் தெரிவதற்குள் முள் தொண்டைக்குப் போய்விடக்கூடும்.

நின்ற, கலங்கிய தண்ணீரில் அடிமேயும் மீனுக்கு ஒரு சாண் போதும். நடுத்தண்ணீர் ரோகுவுக்குத் தக்கை கட்டி, ஒரு சாணுக்கு மேல் ஒன்றரைச் சாண் வரை விடலாம். மேல்மட்டக் கட்லாவுக்குத் தக்கைக்குக் கீழே ஈயத்தைச் சிறிதாக்கி, முள் நரம்பை ஒரு முழம் விடுங்கள்; மாவு உருண்டை மெதுவாக இறங்கும்போதே கட்லா எடுக்கும். ஓடும் தெளிந்த ஆற்றில் இரண்டு முழம் வரை போகலாம். இங்கிலாந்தில் தெளிந்த ஆற்றில் பார்பலுக்கு மூன்று, நான்கு அடி விடுவது சாதாரணம்.

கொத்துத் தூண்டில் போடுகிறவர்களுக்கு ஒரு சொல். ஒரே மாவு உருண்டைக்குள் நான்கைந்து முள்ளைப் புதைத்துப் போடும் பழக்கம் நம் அணைகளில் உண்டு. முள் ஒன்றுக்கு நான்கு விரல் நரம்பு போதும். அதற்கு மேல் விட்டால் ஒன்றோடொன்று சிக்கும். இதில் ஒரு முள் வாயில் ஏற, மற்றவை கண்ணிலும் செவுளிலும் குத்தும். சிறிய மீன் மாட்டினால் பிழைக்காது. சொந்தக் குட்டையில் வளரும் மீனைக் கொத்துத் தூண்டிலில் பிடிப்பது உங்கள் முதலுக்கே நட்டம்.

முள்ளுக்கு வெளியே இரை

1970களின் கடைசியில் இங்கிலாந்தைச் சேர்ந்த லென்னி மிடில்டன், கெவின் மாடாக்ஸ் இருவரும் கெண்டைக்காக ஒரு கட்டுமுறையைக் கண்டுபிடித்தார்கள். முள்ளில் இரையைக் குத்துவதில்லை. முள்ளைக் கட்டிய பிறகு மிஞ்சும் நரம்பு நுனியை அரை விரல் நீளம் விட்டு, அதில் இரையைக் கோர்ப்பார்கள். முள் வெறுமனே பக்கத்தில் தொங்கும். மீன் இரையை உறிஞ்சித் துப்பும்போது முள் கீழ் உதட்டில் குத்திக்கொள்ளும்.

நம் ஊருக்கு இது நன்றாகப் பொருந்தும். ஊறவைத்து வேகவைத்த மக்காச்சோளம், நிலக்கடலைப் பருப்பு இரண்டையும் ஊசியால் துளைத்துக் கோர்க்கலாம். மாவு உருண்டை போல் சிறுமீன் கொத்திக் கரைத்துவிடாது. முள் எப்போதும் உதட்டிலேயே மாட்டுவதால், சிறிய மீனைச் சேதமில்லாமல் கழற்றித் திரும்ப விடலாம். அரைக் கிலோ மீனை இன்று குழம்பு வைப்பதைவிட, ஆறு மாதம் கழித்து ஒன்றரைக் கிலோவாகப் பிடிப்பது லாபம் அல்லவா?

திரும்ப விடும்போது ஈரக் கையால் பிடியுங்கள். உலர்ந்த கை மீனின் வழவழப்பை எடுத்துவிடும். அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். தூக்கி எறியாதீர்கள். தண்ணீருக்குள் நிமிர்த்திப் பிடித்து, அது தானாக உதறிக்கொண்டு போகும்வரை பொறுங்கள்.

ராசிங்காபுரம் பக்கம் மூன்று வகைத் தண்ணீர்

மலையடிவாரத்தில் இருக்கும் ராசிங்காபுரம், சிலமலை, தேவாரம் பகுதி மழை மறைவுப் பிரதேசம். வடகிழக்குப் பருவமழையில் ஓடைகளில் வருவதும், 18ஆம் கால்வாயில் திறந்துவிடும் பெரியாற்றுத் தண்ணீரும்தான் கண்மாய்களுக்கு உயிர். தண்ணீர் நிற்கும் மாதங்கள் குறைவு என்பதால் ஒவ்வொரு மீனும் கணக்கு.

முதலாவது, பாலித்தீன் விரித்த குட்டை. தோட்டக்கலைத் திட்டங்களில் அமைத்த நீர்சேகரிப்புக் குட்டைகளில் 500 மைக்ரான் கனமுள்ள விரிப்பு போட்டிருப்பார்கள். மலைமேல் ஏலத்தோட்டங்களிலும் விரிப்புக் குளங்கள் உண்டு. இங்கே அடியில் ஈயம் போட்டுத் தூண்டில் வீசவே கூடாது. முள் விரிப்பில் மாட்டி, நீங்கள் வெடுக்கென்று இழுத்தால் கிழிசல். ஊசித்துளை அளவு ஓட்டையே இரவு பகலாகத் தண்ணீரைக் குடிக்கும். தக்கை கட்டி, முள் தரையைத் தொடாமல் இரண்டு சாண் மேலே நிற்கும்படி ஆழம் பாருங்கள். ஆழம் பார்க்க முள்ளைக் கட்டாமல் வெறும் ஈயத்தை இறக்குங்கள். முள் நரம்பு 0.20 போதும். தப்பித்தவறி மாட்டினாலும் விரிப்பு கிழியும் முன் நரம்பு அறுந்துவிடும். முள்ளின் செதிலைக் குறடால் நசுக்கிவிட்டால் இன்னும் நல்லது.

இரண்டாவது, மண் கண்மாய். சேறு, கருவேல முட்டு, பழைய வலைத் துண்டு எல்லாம் அடியில் கிடக்கும். 0.28 நைலானில் ஒரு சாண் முள் நரம்பு. மாட்டிக்கொண்டால் கம்பை வளைத்து இழுக்காதீர்கள். நரம்பைத் துணி சுற்றிய கையால் நேராகப் பிடித்து மெதுவாக இழுங்கள். முள் நரம்பு இளைத்தது என்பதால் முள்ளோடு மட்டும் போகும். கண்மாய் மீன் பாசி ஏலத்தில் இருந்தால் குத்தகைக்காரரிடம் கேட்காமல் தூண்டில் போடாதீர்கள். வைகை அணை என்றால் மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும்.

மூன்றாவது, ஆறு. குரங்கணி மலையில் இறங்கிப் போடி வழியாகத் தேனிக்குப் போய் வைகையில் சேரும் கொட்டக்குடி ஆற்றில் கல்லும் வேகமும் அதிகம். ஊர்ப்பகுதியில், மழை ஓய்ந்து நீர் தெளிந்த நாட்களில், 0.30 புளோரோ கார்பன் ஒன்றரை முழம் கட்டுங்கள். தாய் நரம்பு 0.40. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு சாணை விரல் நகத்தால் உருவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் வெட்டிப் புதிதாகக் கட்டுங்கள். காப்புக்காட்டுக்குள் மீன் பிடிப்பது வனச் சட்டப்படி குற்றம். அங்கே தூண்டிலோடு போகவே வேண்டாம்.

காட்டுக்குள் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

சட்டம் என்பதற்காக மட்டுமல்ல. பார்பலின் நம் நாட்டுச் சொந்தக்காரர் மாசீர் மீன். இதற்கும் இரண்டு ஜோடி மீசை. 1946இல் மைசூருவின் வான் இங்கன் காவிரி வடிநிலத்தில் பிடித்த மாசீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. அந்தத் திமில் மாசீருக்கு அறிவியல் பெயரே நீண்ட காலம் தெளிவாகவில்லை. மறையூர் வழியாக ஓடி அமராவதியில் சேரும் பாம்பாற்றிலிருந்து ஒரு மாசீர் இனத்தை ஆய்வாளர்கள் விவரித்தார்கள். இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் மீனியல் அறிஞர் ரெமாதேவியின் பெயரை அதற்கு வைத்தார்கள். காவிரியின் திமில் மாசீரும் அதே இனம்தான் என்று 2018இல் உறுதியானது. அதே ஆண்டில், அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்ற பட்டியலில் சேர்க்கப்பட்டது. போடிமெட்டு ஏறி மூணாறு தாண்டினால் மறையூர். அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது அந்த மீன்.

பெரியாற்றுப் பக்கமும் அப்படித்தான். 1941இல் விவரிக்கப்பட்ட ஒரு கெண்டை இனத்துக்குப் பெரியாற்றின் பெயரே வைத்திருக்கிறார்கள். அந்த ஆற்றைத் தவிர வேறெங்கும் அது இல்லை. 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர்தான் நம் கால்வாயில் ஓடுகிறது. அந்த நீர் பிறக்கும் காட்டு ஓடைகளை இந்த மீன்களுக்கு விட்டுவைப்போம்.

விராலும் கெளுத்தியும் வேறு கணக்கு

குஞ்சு விட்ட குட்டையில் விராலோ கெளுத்தியோ புகுந்தால் குஞ்சுகள் போய்விடும். நம் நாட்டில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி வெள்ளத்தில் வந்து சேர்ந்திருந்தால் இன்னும் மோசம். இவற்றைத் தூண்டிலில் எடுத்துவிடுவது நல்ல வழி. இங்கே மென்மையான முள் நரம்பு உதவாது. விராலுக்குக் கூர்மையான பல் உண்டு. கெளுத்தியின் தாடையில் அரம் போன்ற சிறு பற்கள் உண்டு. அறுத்துக்கொண்டு போனால் அதே மீன் மறுபடி குஞ்சுகளைத் தின்னும். முள் நரம்பு 0.50, நீளம் ஒன்றரைச் சாண். தாய் நரம்பு 0.60. முதல் விதி இங்கும் மாறாது. விராலுக்கு அதிகாலையில் தவளையோ சிறுமீனோ. கெளுத்திக்கு இருட்டிய பின் மண்புழுக் கொத்து. இரவு முழுக்கத் தூண்டிலைக் கட்டி வைத்துவிட்டுப் போகாதீர்கள். தண்ணீர்ப் பாம்பும் ஆமையும் மாட்டிக்கொள்ளும்.

கரையில் விட்டுப் போகாதீர்கள்

வெட்டியெறியும் ஒரு சாண் நரம்பு மட்க நீண்ட காலம் ஆகும். கரையில் மேயும் ஆடு புல்லோடு சேர்த்து விழுங்கினால் குடல் அடைக்கும். முள்ளோடு விழுங்கினால் காப்பாற்றுவது கடினம். கொக்கும் மயிலும் காலில் நரம்பு சுற்றிச் சாகின்றன. ஈயம் பறவையின் வயிற்றில் போனால் விஷம். இங்கிலாந்தில் அன்னங்கள் இப்படிச் செத்ததால், தூண்டிலுக்குப் போடும் சிறு ஈயக்குண்டுகளின் விற்பனையை 1987இல் தடை செய்தார்கள். ஈயத்துக்குப் பதில் பழைய நட்டு, வாஷர் கட்டினாலும் வேலை நடக்கும். சட்டைப்பையில் ஒரு பழைய மாத்திரை டப்பா வைத்துக்கொள்ளுங்கள். அறுந்த நரம்பு, மொக்கை முள் எல்லாம் அதற்குள் போகட்டும். வீட்டுக்கு வந்து நரம்பை இரண்டு விரல் நீளத்தில் துண்டு துண்டாக வெட்டிய பிறகே குப்பையில் போடுங்கள்.

நினைவில் வைக்க

ஜிலேபி: நைலான் 0.18, முக்கால் சாண், தக்கை.
மிர்கால், சாதாக்கெண்டை: நைலான் 0.25 முதல் 0.28, ஒரு சாண், அடியில் ஓடும் ஈயம்.
ரோகு: நைலான் 0.25, ஒன்றரைச் சாண், தக்கை.
கட்லா: நைலான் 0.28, ஒரு முழம், தக்கை, சிறு ஈயம்.
தெளிந்த ஆறு: புளோரோ கார்பன் 0.30, ஒன்றரை முழம்.
விரால், கெளுத்தி: நைலான் 0.50, ஒன்றரைச் சாண்.
விரிப்புக் குட்டை: எந்த மீனானாலும் நைலான் 0.20, தக்கை, செதில் நசுக்கிய முள்.

இந்த அளவுகள் இரண்டு கிலோ வரையுள்ள மீனுக்கானவை. உங்கள் குட்டையில் அதைவிடப் பெரியது இருந்தால் முள் நரம்பையும் தாய் நரம்பையும் சேர்த்தே உயர்த்துங்கள்; ஒன்றை மட்டும் உயர்த்தாதீர்கள். அடுத்த முறை தூண்டிலை எடுக்கும்போது முதலில் வாளியையும் குவளையையும் எடுங்கள். நரம்பு ஊறும் நேரம் போகக் கால் மணி நேர வேலைதான்.